பன்னிரண்டு கிணறுகளும் ஒரு வெற்றுக் கட்டமும்

நீங்கள் ஆறு பேரும் இந்த மாதம்தான் அளவெடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். நேற்று மதியம் என்னை உங்கள் அலுவலகத்தில் உட்காரவைத்து டீ கொடுத்து, நீங்கள் நிரப்பிய படிவங்களையும் பார்க்கக் கொடுத்தீர்கள். பக்கத்துக்கு நாலு இடத்தில் பேஸ்லைன் என்று இருந்தது. தண்ணீருக்கு பேஸ்லைன், காற்றுக்கு பேஸ்லைன், சத்தத்துக்குக்கூட பேஸ்லைன். உங்களில் கண்ணாடி போட்ட தம்பி, உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா சார் என்று கேட்டார். அப்போது சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் கொஞ்சம் நீளம், அதனால் எழுதித் தருகிறேன். உங்கள் படிவங்களில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சுங்குவார்சத்திரம் பக்கத்தில் செங்கல் சூளைக்கு மண் மிதித்தார். வீட்டுக்கு ஏதாவது கடிதமோ நோட்டீஸோ வந்தால், மையில் விரல் படாமல் இரண்டு ஓரங்களையும் பிடித்து என்னிடம் நீட்டுவார். எழுதியிருந்தால் அது உண்மை. வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் இதுதான். அது பாதிதான் சரி என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தைந்து வயது கடக்க வேண்டியிருந்தது.

பேஸ்லைன் என்ற சொல்லை முதலில் பாலிடெக்னிக் சர்வே முகாமில் கேட்டேன். ஒரு நிலத்தைச் சங்கிலி வைத்து அளக்கும்போது, குறுக்கே நீளமாக ஒரு கோட்டை முதலில் அளந்துகொள்வோம். மற்ற கோடுகள் எல்லாம் அதில்தான் தொங்கும். எங்கள் குழு அளந்து வரைந்த படம் அவ்வளவு அழகாக வந்தது. எல்லா மூலைகளும் மயிரிழை விலகாமல் மூடின. மறுநாள் இன்னொரு குழு வேறு சங்கிலியால் அதே நிலத்தை அளந்தது. அவர்கள் படமும் அழகாக மூடியது. ஆனால் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொருந்தவில்லை. எங்கள் சங்கிலியில் எப்போதோ உடைந்த ஒரு கண்ணியை எடுத்துவிட்டு யாரோ கோத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் அதே குட்டைச் சங்கிலியால் அளந்ததால் எங்களுக்குள் எல்லாம் சரியாக இருந்தது. இதைக் கேட்டு அன்று சிரித்தோம். படத்தைத் திரும்ப வரைந்து மதிப்பெண் வாங்கிக்கொண்டோம். எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது தடவை அது படப்பையில் பூப்பந்து மைதானத்தில் வந்தது. அரிசி மில்லுக்குப் பின்னால் ஒரு காலி இடம். சாயங்காலம் ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம். நடுவே வலை. எங்கள் அணியில் நன்றாக ஆடுகிறவன் மரியதாஸ். துணை மின்நிலையத்தில் வேலை. தினமும் ஆட்டம் முடிவதற்குள் காலடியில் சுண்ணாம்புக்கோடு பாதி அழிந்துவிடும். மறுநாள் யார் முதலில் வருகிறானோ அவன் அந்தத் தடத்தின் மேலேயே புதுக் கோடு போடுவான். பேஸ்லைன் என்று சொல்லும் பின்கோட்டை மட்டும் ஒவ்வொருவனும் தடத்துக்கு அரை விரல் வெளியே போட்டிருக்கிறான். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. நேற்று நூலிழையில் வெளியே போன பந்து மனத்தில் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்துத் தாம்பரத்தில் ஒரு போட்டிக்குப் போனோம். நாங்கள் ஓங்கி அடித்த பந்தெல்லாம் வெளியே விழுந்தது. மரியதாஸ் நடுவரிடம் போய், "இன்னா சார், கோட்ட உள்ள தள்ளிப் போட்டுக்கினு ஆட்டம் வுடுறீங்களா?" என்று சண்டைக்கு நின்றான். நடுவர் நாடாவைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்து, நீயே அளந்துக்கோப்பா என்றார். அளந்தான். கோடு சரியாக இருந்தது. ஊருக்குத் திரும்பி எங்கள் மைதானத்தை அளந்தோம். பின்கோடு இரண்டு அடிக்கு மேல் வெளியே நடந்து போயிருந்தது. முதல் சுற்றிலேயே தோற்ற வருத்தத்தில் இதையும் ஒரு வேடிக்கையாகப் பேசி முடித்துவிட்டோம்.

இரண்டு தடவையும் யாருக்கும் ஒன்றும் நஷ்டமில்லை. அதனால்தான் எனக்குப் புத்தி வரவில்லை என்று நினைக்கிறேன்.

எழுபதுகளின் பின்பாதியில் நிலத்தடி நீர் அலுவலகம் ஒன்றில் தற்காலிகத் தொழில்நுட்ப உதவியாளனாகச் சேர்ந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்வார்கள் என்று அன்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். வல்லம் வடகாலில் நெல் விளைந்துகொண்டிருந்தது. ஒரகடம் சாலையை ஒட்டி ஒரே ஒரு அட்டை ஆலை மட்டும் வருவதாக இருந்தது. அட்டை செய்வதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும். ஆழ்துளைக் கிணறுகள் போடப் போகிறார்கள். ஆலை ஓடத் தொடங்குவதற்கு முன்னால், சுற்றியுள்ள பன்னிரண்டு விவசாயக் கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு என்று அளந்து எழுதிவைக்க வேண்டும். பின்னால் யாராவது தண்ணீர் குறைந்துவிட்டது என்று சொன்னால், எதிலிருந்து குறைந்தது என்று காட்ட ஒரு தொடக்க அளவு. அதுதான் எங்கள் பேஸ்லைன். அந்த வேலை எனக்கு வந்தது. நான் தனியாகச் செய்யும் முதல் வேலை.

அப்போது பம்புசெட்டுக்கு நாள் முழுக்க கரண்ட் கிடையாது. ஒரு வாரம் காலையில் நாலு மணி நேரம், அடுத்த வாரம் சாயங்காலம் நாலு மணி நேரம். நான் போனது காலை வாரம். மதியம் அலுவலகத்தில் படம் வரையும் வேலை இருந்ததால், விடிந்ததும் சைக்கிளில் போய் எட்டரைக்குள் அளந்துவிட்டுத் திரும்பலாம் என்று திட்டம். போய்ப் பார்த்தால் எல்லாக் கிணற்றிலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் மோட்டார் தண்ணீரை இறைக்க இறைக்க மட்டம் கீழே போய்க்கொண்டிருக்கும். அதை நிறுத்தச் சொல்லி, ஊற்றுத் தண்ணீர் ஊறி மட்டம் பழைய இடத்துக்கு வந்த பிறகு அளக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

மூன்றாவது கிணறு பச்சையம்மாவுடையது. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். புருஷனுக்கு ஆவடியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். ஒன்றரை ஏக்கரையும் கிணற்றையும் பார்த்துக்கொண்டது பச்சையம்மாதான். வரப்பில் மண்வெட்டியோடு நின்று, நான் நாடாவை அவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், தண்ணிக்கு ஜாதகம் எழுத வந்துகீறியா?"

ஆமாங்க என்றேன்.

"மோட்டார நிறுத்தட்டுமா?"

அந்த இடத்தில் என் மனத்தில் ஓடியதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நாலே மணி நேரம் கரண்ட். அதற்குள் ஒன்றரை ஏக்கரும் நனைய வேண்டும். நான் மடிப்புக் கலையாத சட்டையில் நிற்கிறேன். அப்பா அந்த நேரத்தில் சூளையில் முழங்கால் சேற்றில் நிற்பார். உழைக்கிறவர்களிடம் போய், உங்கள் தண்ணீரை நிறுத்துங்கள், எனக்கு எழுத வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேணாங்க, ஓடட்டும் என்றேன். மற்றப் பதினோரு கிணற்றிலும் இதே கதைதான். நல்ல மனசோடு செய்த காரியம்.

கெட்ட காரியம் அதற்கு அடுத்தது. பதிவேட்டில் ஒவ்வொரு கிணற்றுக்கும் கட்டங்கள் இருக்கும். கிணற்றுக்காரர் பெயர், நேரம், மட்டம், கடைசியில் குறிப்பு. குறிப்பில் 'மோட்டார் ஓடுகிறது' என்று இரண்டு வார்த்தை எழுதியிருக்க வேண்டும். எழுதினால், ஏன் நிறுத்தவில்லை என்று மேலே கேட்பார்கள். பன்னிரண்டு கட்டத்தில் எழுதினால் பன்னிரண்டு தடவை விதியை மீறியதாக என் கையாலேயே ஒப்புக்கொண்டது போல இருக்கும். பக்கமும் அசிங்கமாகிவிடும். எனக்கு அப்போது முத்து முத்தான கையெழுத்து. ஸ்கேலை வைத்து, பன்னிரண்டு குறிப்புக் கட்டத்திலும் ஒரு சின்னக் கோடு இழுத்தேன். சொல்ல ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள். அந்தப் பக்கத்தை அன்றைய அதிகாரி மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டி, பதிவேடு என்றால் இப்படி இருக்கணும் என்றார். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, சந்தோஷப்பட்டார்.

ஆலை ஓடத் தொடங்கியது. இரண்டு வருஷம் போனது. கிராமத்திலிருந்து மனு வந்தது. ஆலையின் துளைக்கிணறுகள் எங்கள் கிணற்றை வற்றவைக்கின்றன, நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டையாவது மூட வேண்டும் என்று பன்னிரண்டு பேரும் கையெழுத்தும் கைரேகையும் வைத்திருந்தார்கள். மறுபடி அளந்து, பழைய அளவோடு ஒப்பிட்டு, ஸ்ரீபெரும்புதூர் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் விசாரணையில் அறிக்கை தர வேண்டும். பழைய பதிவேடு என்னுடையது என்பதால் என்னையே அனுப்பினார்கள்.

இந்தத் தடவை நான் விவரம் தெரிந்தவன். சாயங்கால வாரம் பார்த்து, முந்தின நாள் கரண்ட் போய்ப் பல மணி நேரம் கழித்து, தண்ணீர் அசையாமல் நிற்கும்போது, மதியம் அளந்தேன். பச்சையம்மா கிணற்றில் கைப்பிடிச் சுவரின் அடையாளத்திலிருந்து தண்ணீர் ஆறரை மீட்டர் கீழே. பழைய பதிவேட்டைப் புரட்டினேன். அதிலும் ஆறரை மீட்டர். அதற்கு முன் அளந்த இரண்டு கிணற்றிலும் அப்படித்தான், ஒரு சாண் முன்னே பின்னே.

பச்சையம்மா பக்கத்தில் வந்து நின்றார். "இன்னா சார் சொல்லுது உன் நாடா?"

"முன்ன இருந்த அளவுதாங்க கீது. குறையல."

அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். சுவரில் பதித்த கற்படிகள் வரிசையாக வெளியே தெரிந்தன.

"முன்னல்லாம் தை மாசத்துல நாலாம் படில உக்காந்து துணி தொவப்பேன். இப்போ ஏழாம் படி காஞ்சி கெடக்குது. தண்ணி அதே எடத்துல கீதுன்னா, படி மேல ஏறிக்கினு வந்துச்சா?"

என் எண்ணை நான் நம்பினேன். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ஏதோ ஞாபகம் வந்தது போலச் சொன்னார்.

"அன்னிக்கு மோட்டார் ஓடிக்கினு இருந்துச்சே சார். நிறுத்தட்டுமான்னு கேட்டேன். நீதானே வாணாம்னுட்ட."

நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அன்றைக்கு நான் அளந்தது இறைத்துக் கீழே போன மட்டம். இன்றைக்கு அளப்பது ஓய்ந்து நிற்கும் மட்டம். அன்றைக்கு ஒன்றேகால் மணி நேரம் இறைத்தால் எங்கே போகுமோ, இன்றைக்கு இறைக்காமலேயே தண்ணீர் அங்கே நிற்கிறது. இரண்டும் ஒன்றாக இருப்பதே கிணறு எவ்வளவு கீழே போய்விட்டது என்பதற்குச் சாட்சி. ஆனால் பதிவேட்டைப் படிக்கிறவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிவது ஒரே எண், இரண்டு தடவை. நடுவில் நான் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு.

பன்னிரண்டு பேருடைய மனுவை அந்தக் கோடு தள்ளுபடி செய்துவிடும்.

சைக்கிளை மிதித்து அலுவலகம் வந்ததும் உதவிப் பொறியாளரிடம் சொன்னேன். இவர் புதியவர், என் கையெழுத்தைப் புகழ்ந்தவர் அல்ல. மேசையில் என் பதிவேட்டை விரித்துவைத்து நிதானமாகக் கேட்டார்.

"எண்ணைத் திருத்தணும்னு சொல்றியா?"

எண் சரிதான் சார், எந்த நிலையில் எடுத்ததென்று எழுதாமல் விட்டதுதான் தப்பு என்றேன். அவர் பதிவேட்டைத் தள்ளிவைத்தார். அந்த அம்மாவின் வார்த்தை ஒரு பக்கம், அரசாங்கப் பதிவேடு ஒரு பக்கம் என்று வைத்தால் எது நிற்கும் என்று கேட்டார். ஆலைக்காரர்கள் வக்கீலோடு வருவார்கள், அளந்தவருக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் ஞாபகம் வந்ததாம் என்பார்கள் என்றார். பிறகு, குரலைத் தணித்துக்கொண்டு, என் பணி நிரந்தரத்துக்கான கோப்பு அவர் மேசையில்தான் இருக்கிறது, அடுத்த வாரம் மேலே போகிறது என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. என் அப்பா சூளையில் வேலை செய்கிறவர் என்று அவருக்குத் தெரியும்.

"நீ சும்மா இருந்தா யாரும் உன்னைக் கேட்கப் போறதில்லை. நான் சும்மா இருன்னு சொல்லலை. தெரிஞ்சு பேசுன்னு சொல்றேன்."

இரண்டு நாள் போனது. நீங்கள் என்னைப் பெரிய யோக்கியன் என்று நினைத்துவிடக் கூடாது. சும்மா இருந்துவிடலாம் என்று பலமுறை முடிவு செய்தேன். மோட்டார் ஓடியதற்கு என்ன ஆதாரம் என்று என்னை நானே கேட்டுக்கொண்டு, ஒன்றுமில்லை என்பதில் நிம்மதிகூட அடைந்தேன். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் பதிவேட்டில் இன்னொரு கட்டம் இருப்பது கண்ணில் பட்டது. நேரம். பச்சையம்மா கிணறு, காலை ஏழு இருபது. மற்றவையும் ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில், இரண்டு காலைகளில். அந்த வாரம் காலையில் கரண்ட் இருந்ததென்று காட்டிவிட்டால், அந்த நேரத்தில் எந்த விவசாயியும் மோட்டாரை நிறுத்திவைத்திருக்க மாட்டான் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்துப் படப்பைக்கு மரியதாஸ் வீட்டுக்குப் போனேன். துணை மின்நிலையத்தில் எந்த நாள் எந்த நேரத்துக்கு எந்த லைனில் கரண்ட் விட்டார்கள் என்று ஒரு குறிப்பேடு இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரித்தான்.

"இன்னாடா, நம்ம கோடு மறுபடியும் வெளிய நடந்துடுச்சா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்து அவனும் அடங்கி, எழுதிக் கேட்டால் அவனுடைய மேலதிகாரி நகல் தருவார் என்றான். உள்ளேயிருந்து அவன் அக்கா ஸ்டெல்லா வந்தார். சுற்றுக் கிராமங்களுக்குப் போய் வரும் நர்ஸ். வேப்பமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, தூளியில் குழந்தைகளை வைத்து மாதாமாதம் எடை எழுதுவது அவர் வேலை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, தன் பதிவேட்டை எடுத்துவந்து ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு குழந்தையின் முதல் எடைக்குப் பக்கத்தில் 'வெள்ளித் தண்டையோடு' என்று எழுதியிருந்தது.

கவர்மெண்ட் அம்மா வருகிறாள் என்று பிள்ளைக்குத் தண்டையும் காப்பும் மாட்டி அழைத்துவந்தாளாம் தாய். கழற்றச் சொன்னால் மூஞ்சி சுருங்குகிறது. அப்படியே எடை போட்டாராம். அடுத்த மாதம் பிள்ளை வெறும் காலோடு வந்தது, எடை குறைந்திருந்தது. மேற்பார்வையாளர் பதறி, சத்து போதவில்லை என்று எழுதப் போனாராம்.

"அப்புறம் இன்னா பண்ணீங்கக்கா?"

"வூட்டுக்கு ஓடிப் போயி அந்தத் தண்டைய எடுத்தாரச் சொன்னேன். மாட்டி, மறுபடி நிறுத்தேன். மொத தடவ எப்படி நிறுத்தேனோ அப்படியே. புள்ள ஏறித்தான் இருந்துச்சு." பதிவேட்டை மூடினார். "நானும்தான் கழட்டச் சொல்லல. எனக்கும் வாய் வரல. ஆனா எழுதிட்டேன். நீ எழுதறதுக்குன்னே படிச்சவன், எப்படிப்பா வுட்ட?"

செய்ய வேண்டியது எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய எண்ணைத் திருத்த வழியில்லை. அன்று ஓய்ந்த மட்டம் எவ்வளவு என்று இனி யாருக்கும் தெரியாது. ஆனால் அன்று எப்படி அளந்தேனோ அப்படியே இன்றும் அளக்கலாம். அதே நேரம், அதே மோட்டார், ஓடிக்கொண்டிருக்கும்போதே.

விசாரணையில் ஆலை மேலாளர் தன் பக்கத்தைச் சுருக்கமாகச் சொன்னார். அரசாங்கம் அளந்த இரண்டு அளவும் ஒன்றுபோல இருக்கின்றன, இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்றார். நியாயமான கேள்வி. கிராமத்துக்காரர்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். விசாரணை அதிகாரி என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"முதல் அளவு நான் எடுத்ததுங்க. மோட்டார் ஓடும்போது எடுத்தேன். நிறுத்தட்டுமான்னு கேட்டாங்க, நான்தான் வேண்டாம்னேன். அதைக் குறிப்புல எழுதல."

ஏன் எழுதவில்லை என்று அதிகாரி கேட்டார். பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன் என்றேன். யாரோ சிரித்தார்கள். என் உதவிப் பொறியாளர் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். மின்நிலையக் குறிப்பேட்டின் நகலையும் என் நேரக் கட்டத்தையும் வைத்துக் காட்டினேன். ஆலையின் வக்கீல், அரசாங்க எண்ணை அரசாங்க ஆளே மறுப்பது விசித்திரம் என்றார். மறுக்கவில்லை ஐயா, அதே மாதிரி இன்னொரு தடவை எல்லார் முன்னாலும் அளக்கலாம் என்றேன். அதிகாரி ஒப்புக்கொண்டார்.

அடுத்த காலை வாரத்தில் ஒரு நாள். அதிகாரி, மேலாளர், உதவிப் பொறியாளர், நான், ஊர்க்காரர்கள் எல்லாரும் பச்சையம்மா கிணற்றைச் சுற்றி நின்றோம். பச்சையம்மா மோட்டார் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இப்போ ஓட்டணுமா, நிறுத்தணுமா? ஒவ்வொரு வாட்டியும் ஒண்ணு சொல்ற. முடிவாச் சொல்லு சார்."

ஓட்டுங்க என்றேன். ஆறு மணிக்கு ஓடத் தொடங்கியது. பழைய கணக்குப்படி ஏழு இருபதுக்கு அளக்க வேண்டும். ஏழு ஆவதற்குள்ளேயே குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தது. பிறகு காற்றும் சேறும். மோட்டாரின் சத்தம் மாறியது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தவர் ஆலை மேலாளர்தான். அடியில் வெறும் பாறை தெரிந்தது. அவரே திரும்பிச் சொன்னார்.

"நிறுத்தச் சொல்லுங்க. மோட்டார் எரிஞ்சிடும்."

பச்சையம்மா நிறுத்தினார். அந்த அமைதியில் நான் நாடாவை இறக்கினேன். அளந்து சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை, ஆனாலும் அளந்தேன், எழுதினேன், குறிப்பில் மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது என்பதையும் அதை நிறுத்தச் சொன்னது யார் என்பதையும் எழுதினேன்.

முடிவு முழு வெற்றி இல்லை. அருகிலிருந்த இரண்டு துளைக்கிணறுகளில் ஒன்றை மூடச் சொன்னார்கள். இன்னொன்றைக் கோடையில் ஓட்டக் கூடாது என்று உத்தரவு. அந்த வருஷம் பச்சையம்மா போட்ட இரண்டாம் போகம் கருகிவிட்டது. உத்தரவு வருவதற்கு முன்பே கருகிவிட்டது. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நிரந்தரம் ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போனது. அப்பாவுக்கு என்னவென்று சொல்வது என்று தெரியாமல், மெமோவை அவரிடமே கொடுத்தேன். ஓரங்களைப் பிடித்து வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதில் எழுதியிருப்பது நிஜமா என்று கேட்டார். நிஜம் என்றேன். சரி என்று பெட்டியில் வைத்துக்கொண்டார்.

பழைய பதிவேட்டில் எதையும் அழிக்கவோ திருத்தவோ கூடாது. ஆனால் அனுமதியோடு, தேதி போட்டு, சிவப்பு மையில் சேர்க்கலாம். பன்னிரண்டு கோட்டுக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் எழுதினேன். 'மோட்டார் ஓடுகிறது. நிறுத்தட்டுமா என்று பச்சையம்மா கேட்டார். வேண்டாம் என்றது நான்.' ஒவ்வொரு கிணற்றுக்கும் அவரவர் பெயர். உதவிப் பொறியாளர் படித்துவிட்டு, கடைசி வாக்கியம் விதிப்படி தேவையில்லையே என்றார். இருக்கட்டும் சார் என்றேன். கீழே கையெழுத்துப் போட்டார்.

உத்தரவின் நகல் வாங்க அலுவலகத்துக்குப் பச்சையம்மா வந்திருந்தார். மூன்றாவது வரை படித்தவர். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். என் பேரு எங்க கீது என்று கேட்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதிகீற. அன்னிக்கே எழுதியிருந்தின்னா என் பயிரு நின்னிருக்கும்."

சொல்லிவிட்டு நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேல் வேலை செய்தேன். பாராட்டும் வந்தது, பதவியும் வந்தது. ஒரு படிவத்தைக் கையில் எடுத்தால் என் கண் இன்றைக்கும் எண்ணுக்குப் போவதில்லை, அதற்குப் பக்கத்துக் கட்டத்துக்குத்தான் போகிறது.

நேற்றும் போனது. உங்கள் எண்களெல்லாம் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை துல்லியமாக இருந்தன. என் கையெழுத்தைவிட அழகான பக்கங்கள். குறிப்பு என்ற கட்டத்தில் மட்டும், ஆறு பேருடையதிலும், ஒரு சின்னக் கோடு இருந்தது.